பாடமாகிப்போன பலகை

பிள்ளைகளுக்குக் கண் பார்க்கிற தொழிலில் முதலில் கெடுவது பார்க்கிறவரின் நித்திரைதான். பெரியவர்களால் தொல்லை இல்லை. "பேப்பர் வாசிக்க ஏலா மிஸ்" என்று தங்கள் வழக்கைத் தாங்களே சொல்லி, தீர்ப்பையும் தாங்களே எழுதிக்கொண்டு பிரேம் தெரிவு செய்யப் போய்விடுவார்கள். பிள்ளை அப்படிச் சொல்லாது. பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உலகமே மங்கல்தான். அதில் முறைப்பாடு செய்ய என்ன இருக்கிறது? அது சொல்லாததையெல்லாம் நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் பழி எங்கள் தலையில்.

நான் கல்முனையில் பஸ் ஓடும் பெரிய ரோட்டோரம் ஒரு கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். வீடு நிந்தவூரில். கடையில் என்னோடு வேலை செய்கிறவள் தர்சினி, காரைதீவுக்காரி. பிரேம் அலுமாரி அவளுடைய ராச்சியம், உள்ளறையில் தொங்கும் எழுத்துப் பலகை என்னுடையது. என் மகள் நுஹாவுக்கு ஏழு வயது. அவளுடைய இடது கண் பார்க்கப் பழகுமா, பழகாமலே போய்விடுமா என்ற பயத்தோடுதான் இந்த வருடம் முழுக்க வேலைக்குப் போய் வந்தேன். கீழே இருப்பதெல்லாம் அந்த நாட்களில் நடந்தவை. இதை வாசிக்கிற தாய் தகப்பன்மாரே, நீங்களும் ஒரு நாள் கண் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நம்பர் கூப்பிடும் வரை காத்திருந்தவர்கள் என்றால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

பதின்மூன்றாவது ஆள்

வருடத் தொடக்கத்தில் பக்கத்து ஊர் மதரஸா ஒன்றில், குர்ஆனை மனனம் செய்யும் பையன்களுக்கு இலவசமாகக் கண் பார்க்கப் போனோம். மண்டபச் சுவரில் எழுத்துப் பலகையைத் தொங்கவிட்டு, இருபது அடி அளந்து சுண்ணக்கட்டியால் கோடு கீறி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மற்றவர்கள் பின்னால் பாயில் வரிசையாக இருந்தார்கள். பதின்மூன்றாவதாக வந்தவனுக்குப் பதினோரு வயது இருக்கும். மேல் எழுத்திலிருந்து அடி வரி வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். இவனுக்குக் கழுகுக் கண் என்று எழுதவே போய்விட்டேன். சந்தேகம் எதுவும் இல்லை, சும்மாதான் தடியால் ஐந்தாவது வரியைத் தொட்டு, "இத மட்டும் வாசிங்க மகன்" என்றேன். "மேல இருந்து சொல்லட்டா மிஸ்?" என்று கேட்டான். வேண்டாம், இது மட்டும் போதும் என்றேன். வாய் அசையவில்லை.

பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதில் முதல் எழுத்து என் உள்ளங்கை அளவு. அவன் கண்ணைச் சுருக்கினான், கழுத்தைச் சரித்தான், கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு முன்னால் வைத்தான். நல்ல கிட்டப்பார்வை, பக்கத்தில் இருக்கிற ஓதும் புத்தகம் தெரியும், தூரத்தில் இருப்பதெல்லாம் கலங்கல். இப்படி ஏமாற்றலாமா என்று ஏசத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே, பாவம், முகம் வெளிறிப்போய்ச் சொன்னான்: "பாத்தா மிஸ் சொல்லணும்? நீங்க பாடம் கேக்கிறீங்க எண்டெல்லோ நெனச்சன். மூணாம் ஆள் சொல்லக்குள்ளயே எனக்குப் பாடமாகிட்டு."

சும்மா இருக்கிற கண்

சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். மாளிகைக்காடு தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பலகையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த இன்னொரு பிள்ளையை எனக்குத் தெரியும். நுஹாவுக்குக் கல்முனையில்தான் பள்ளிக்கூடம். விட்டதும் கடைக்கு வந்து, எனக்கு வேலை முடியும் வரை உள்ளறை மூலையில் வீட்டுப்பாடம் செய்வாள். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது அவள் காதுபட அதே பலகையை வாசிப்பார்கள். வருடா வருடம் நானும் அதே பலகையைக் காட்டி, ஒரு கண்ணை மூடி, மற்றதை மூடி, "மாஷா அல்லாஹ், ரெண்டும் நல்லம்" என்று முத்தம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பர்தாவைக்கூடக் கழற்றவில்லை. புது அட்டையை அலுமாரிக் கதவில் ஒட்டினேன். இடது கண்ணை மூடினேன். கடைசி வரி வரை கடகடவென்று சொன்னாள். வலது கண்ணை மூடினேன். அவள் தலையைத் திருப்பி என் விரல் இடுக்கால் எட்டிப் பார்க்கப் பார்த்தாள். நான் கையை இறுக்கினேன். மேலே இருந்த பெரிய எழுத்தைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் அவள் சொன்னாள்: "உம்மா, இது பாக்கிற கண் இல்லையே. இது சும்மா இரிக்கிற கண். எல்லாருக்கும் அப்பிடித்தானே?"

எனக்கே திரும்பிய கேள்வி

கண் வைத்தியர் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, நீண்ட நேரம் பார்த்தார். வலது கண் நல்ல கண். இடது கண்ணில் பெரிய தூரப்பார்வைக் குறை. ஒரு கண் தெளிவாகவும் மற்றது கலங்கலாகவும் காட்டினால், சின்னப் பிள்ளையின் மூளை தெளிவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். கைவிடப்பட்ட கண்ணுக்குப் பார்க்கிற பழக்கமே வராது. அதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாறு கண் இல்லை, சிவப்பு இல்லை, தலையிடி இல்லை. முதலில் கண்ணாடி, ஆறு வாரம் கழித்து நல்ல கண்ணின் மேல் தினமும் சில மணித்தியாலம் ஒட்டுப்பட்டை. நல்ல கண்ணை மூடினால் சோம்பேறி வேலைக்கு வந்தாக வேண்டும். சின்ன வயதிலேயே தொடங்கினால் சுகமாக வரும், வயது ஏற ஏறக் கடினம். "ஏழு வயசெண்டா பிந்தித்தான். ஆனா விட ஏலா" என்றார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பிறர் பிள்ளைகளை இதற்காகவே இந்த வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறேன். அனுப்பும்போது அந்தத் தாய்மாரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறேன், நல்ல காரமாக. கார்டில் எழுதிக்கொண்டிருந்த வைத்தியர் தலை நிமிராமல் அதே கேள்வியை என்னிடம் கேட்டார்: "இவ்வளவு காலமும் நீங்க எங்க இருந்தீங்க?"

கொப்பிக் கள்ளன்

அந்தக் கிழமையே நற்பிட்டிமுனையிலிருந்து, என் அண்ணன் வயதில், ஒரு வேளாண்மைக்காரக் காக்கா ஒன்பது வயது மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பையன் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறானாம், வகுப்பிலிருந்து ஒரு வருடமாக முறைப்பாடு. கடைசியில் புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி, ஒரு தடவை கண்ணைக் காட்டிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. தெரிகிற தூரத்தில் இருந்த ஒரே எழுத்து பக்கத்துக் கொப்பிதான். வேறு நாளாக இருந்தால் அந்த மனிதரைப் பிடி பிடியென்று பிடித்திருப்பேன். அன்றைக்கு ஏசாமல் பரிசோதனைக் கண்ணாடியை எடுத்தேன். மகனுக்குக் கண்ணாடியைப் போட்டதும் அவன் வாசல் வழியாக எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை வாசிக்கத் தொடங்கினான். தகப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் ஒரு வருசமா அடிச்ச அடியெல்லாம் எங்க மிஸ் கொண்டுபோய் வைக்கிற?"

வாப்பாவின் கேள்வி

பட்டை ஒட்டுகிற வீட்டுக்குள் வந்து பார்த்தால்தான் தெரியும். நல்ல கண்ணை மூடினால் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒன்றும் தெரியாது. நுஹா கதவு நிலையில் மோதினாள், தேங்காய்ப் பாலைச் சிந்தினாள், செருப்பை இடம் மாற்றிப் போட்டாள். எங்கள் ஊர் வெக்கைக்கு வியர்வையில் பட்டை கழன்றுவிடும். கழலாவிட்டால் அவளே மூக்குப் பக்கத்து ஓரத்தைக் கிளப்பி, அந்த இடுக்கால் பார்ப்பாள். கண்டுபிடிக்க வழி உண்டு: திடீரென்று பிள்ளை கெட்டிக்காரியாகி, கோட்டுக்கு வெளியே போகாமல் படத்துக்கு நிறம் தீட்டினால் திருட்டு நடக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் அப்படிப் பிடித்து, முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவள் அழுத கண்ணீரில் பட்டை முழுவதுமாகக் கழன்றது. நான் வருடக்கணக்கில் விட்ட பிழைக்கு அவள் அடி வாங்குகிறாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

கணவர் ரிஸ்வி கட்டாரில் வேலை. அவருக்கு இரண்டு மாதம் சொல்லவே இல்லை. போனில் பேசும்போது பட்டையையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டுத்தான் பிள்ளையைக் காட்டுவேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அவர் சொல்லாமல் அழைத்தார். நுஹா ஓடிப்போய்ப் போனை எடுத்து, திரையை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "வாப்பாவா? குரலக் காட்டுங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கேட்டார்: "நான் வந்து முன்னால நிக்கக்குள்ள, அந்தக் கண்ணுக்கு என்னத் தெரியுமா?"

அத்திவாரம்

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தாய் எட்டு வயது மகளோடு வந்தாள். சிலிண்டர் குறை, அதாவது கண்ணின் முன்பக்கம் பந்து மாதிரி உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். பிள்ளைக்கு மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரியும், கணக்கில் பிழை விடும், பின்னேரமானால் நெற்றி வலி. கண்ணாடி என்றதும் தாய் எழுந்துவிட்டாள். பொன்னாங்காணி கொடுக்கிறேன், கரட் கொடுக்கிறேன், கண்ணாடி மட்டும் வேண்டாம் என்றாள். எங்கள் பக்கத்தில் மகள் பிறந்த உடனேயே அவளுக்கு வீடு கட்டுகிற யோசனையும் பிறந்துவிடும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். "அத்திவாரம் போட்டாச்சு மிஸ். வீட்டப் பாக்க வாறவங்க புள்ளட கண்ணாடியயும் பாப்பாங்களே" என்று அழுதாள்.

பிள்ளைக்கு எட்டு வயதுதான் ஆகிறது, இப்போதே மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயமா என்று நான் ஏசிய ஏச்சில் தர்சினி வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கே தெரியும், அந்தக் கோபத்தில் பாதி அந்தத் தாய்க்கு உரியதல்ல. மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த நுஹாவைக் கூப்பிட்டேன். ரோஸ் நிறப் பட்டை, அதற்கு மேல் சிவப்புப் பிரேம் போட்ட கண்ணாடி. இடது பக்க வில்லை தடிப்பு, அதற்குள் அந்தக் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். "என்ட மகள்தான்" என்றேன். இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். அந்தத் தாய் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள்: "கண் பாக்கிற உங்கட புள்ளைக்கே இப்பிடியெண்டா, என்ட புள்ளைக்கு வந்தது என்ன குத்தமா? தாங்க மிஸ், அந்தச் செவத்தப் பிரேமையே தாங்க."

எஞ்சின் சத்தம்

பெரியநீலாவணையிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் பத்து வயது மகனோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் கடிதம் தந்துவிட்டார்களாம், ஆனால் அவருக்கு நம்பிக்கை இல்லை. "இவனுக்கா மிஸ் கண் தெரியாது? எட்டத்தில வள்ளம் வரக்குள்ளயே ஆர்ட வள்ளம் எண்டு எல்லாருக்கும் முதல் இவன்தான் சொல்லுவான்" என்றார். பையனைப் பரிசோதித்தேன். மூன்று எட்டு வைக்கிற தூரத்துக்கு அப்பால் முகம்கூடத் தெரியாத அளவுக்குக் கிட்டப்பார்வை. அப்படியென்றால் வள்ளம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு சத்தம் என்றான், இது தெரியாதா என்கிற மாதிரி.

மூன்றாம் நாள் கண்ணாடியைக் கொடுத்தோம். போட்ட அடுத்த நிமிடமே ரோட்டில் போகிற பஸ்களை வாசிக்கத் தொடங்கினான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. இவனுக்கு ஒரு கண்ணாடி, ஒரு நிமிடம், முடிந்தது. என் பிள்ளை மூன்று மாதமாகப் பட்டை ஒட்டுகிறாள், இன்னும் மேல் எழுத்தை விட்டு இரண்டு வரிதான் இறங்கியிருக்கிறாள். அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்தப் பையனுடைய சந்தோஷத்தை முகம் கொடுத்துப் பார்க்க முடியாமல் உள்ளறைக்குப் போய்விட்டேன். மறு கிழமை தகப்பன் தனியாக வந்தார், கையில் ஒரு பாரை மீன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "கரைக்கு வரக்குள்ள நான் வள்ளத்தில நிண்டு கை காட்டுவன், அவனும் காட்டுவான். இத்தன வருசமா அவன் எஞ்சின் சத்தத்துக்குத்தான் கை காட்டியிருக்கான், மிஸ். என்னக் கண்டது இப்பதான்."

திரைக்கு வெளியே

ஐந்து மாதம் முடிந்து கிளினிக்கில் பார்க்கிற நாள் வந்தது. என்னை உள்ளே வரச் சொன்னார்கள், நான் போகவில்லை. அங்கே தொங்குகிற பலகை எனக்கும் பாடம். என் உதடு அசைந்தால் அதைப் பார்த்து அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். திரைக்கு வெளியே வாங்கில் இருந்து காதைக் கொடுத்தேன். வலது கண்ணை மூடியாயிற்று. முதல் எழுத்து சரி. இரண்டாம் வரி சரி. மூன்றாம் வரி மெதுவாக, ஆனால் சரி. நான்காம் வரியில் ஒரு எழுத்தைத் தவறவிட்டுத் திரும்பப் பிடித்தாள். ஐந்தாம் வரியில் இரண்டைச் சொல்லி நின்றுவிட்டாள். வைத்தியர் வெளியே வந்து, "நல்லா வந்திரிக்கி. முழுசா வருமெண்டு சொல்ல ஏலா. நிப்பாட்டிப் போடாதீங்க" என்றார். எழுந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம். எங்களுக்கு முன்னால் ஆறு பிள்ளைகள் உள்ளே போய்ச் சத்தமாக வாசித்தார்கள். திரை மெல்லிய துணி. நுஹா என் பக்கத்தில் எவ்வளவு அமைதியாக இருந்தாள்! பதினோரு வருடத் தொழிலையும் அந்த மதரஸாப் பையன் ஒரே காலையில் கெடுத்துவிட்டான். என் பிள்ளை பார்த்துச் சொன்னாளா, கேட்டுச் சொன்னாளா?

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. காரைதீவுச் சந்தியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் யாரும் சொல்லாமல் தன் கையாலேயே வலது கண்ணைப் பொத்தினாள். அந்தத் தடித்த வில்லைக்குள்ளிருந்து பெரிய இடது கண் என் முகத்தை மேலிருந்து கீழாக, ஒன்றும் விடாமல் பார்த்தது. பிறகு பக்கத்து ஆசனத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "உம்மா, உங்கட ஸ்காபுக்குள்ளால நரை முடி ஒண்டு வெளிய வந்திரிக்கி. இல்ல, ரெண்டு."

தன் நரையைப் பிறர் கண்டு சொன்னதற்காக நடுப் பஸ்ஸில் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அழுத பொம்பிளை, இந்தக் கரையோரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.